வாலஸ் வாளை நியூயார்க்குக்கு இரவல் கொடுத்தது சரியா?

அடிவாரத்தான்:

சென்ற வாரம் திருச்சியிலிருந்து மாமா வந்திருந்தார். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங்குக்கு வருகிற விருந்தாளிகளை எல்லோரும் எங்கே அழைத்துப்போவார்களோ அங்கேதான் நானும் அழைத்துப்போனேன்: அபே கிரெய்க் குன்றின் மேல் நிற்கும், ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸின் நினைவுக் கோபுரம். 246 படிகள், குறுகலான சுழல் படிக்கட்டு. எதிரே ஒருவர் இறங்கி வந்தால் சுவரோடு பல்லிபோல் ஒட்டிக்கொள்ள வேண்டும். "மலைக்கோட்டை ஏறிய கால் இது" என்று மாமா கீழே பெருமை பேசினார். வாள் இருக்கும் கூடம் வந்ததும் அதைச் சாக்காக வைத்து நின்றுவிட்டார்.

வாள் 163 சென்டிமீட்டர் நீளம், எடை 2.7 கிலோ. என் மாமாவைவிடக் கொஞ்சம்தான் குட்டை. 1297இல் ஸ்டர்லிங் பாலத்தில் ஆங்கிலேயப் படையை முறியடித்த வாலஸின் வாள் என்று காலங்காலமாக நம்பப்படுகிறது. 2005இல் இதைப் பெட்டியில் போட்டு நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே டார்ட்டன் வாரக் கொண்டாட்டம் (டார்ட்டன் என்பது ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம்போட்ட துணி). கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளை ஸ்காட்லாந்துக்கு இழுப்பதுதான் நோக்கம். இதை மாமாவிடம் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்: "உற்சவர் வீதி உலா போவார். மூலவரைப் பெயர்த்துக்கொண்டு போவார்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பேரேடு:

போகட்டுமே! கண்ணாடிக்குள் தூங்கும் இரும்புக்கு ஒரு வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா அந்த நாட்டுக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. அமெரிக்காவில் ஸ்காட்டிஷ் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோர் ஏராளம். அவர்களுக்காகவே ஏப்ரல் 6ஆம் தேதியை டார்ட்டன் தினமாக 1998இல் அமெரிக்க செனட் அங்கீகரித்தது. வாங்கும் ஆள் அங்கே இருக்கும்போது சரக்கை இங்கே பரணில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் ஊரில் பட்டுக் கடைக்காரர் கல்யாண மாதத்தில் நல்ல புடவையைத்தான் கண்ணாடியில் தொங்கவிடுவார். மட்டச் சரக்கை இல்லை.

1995இல் மெல் கிப்சன் எடுத்த 'பிரேவ்ஹார்ட்' படத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் படம் வந்த பிறகுதான் உலகத்தில் பாதிப் பேருக்கு வாலஸ் என்ற பெயரே தெரியும். பெயர் தெரிந்தால்தான் ஆள் வருவார்.

சேலம் மாம்பழம்:

ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் நடுவில் நின்று சரித்திரம் பார்ப்பான் என்று யார் சொன்னது? ஒரு கையில் காப்பி, மறு கையில் பை. வாள் எந்தக் கையில் ஏறும்?

பேரேடு ஐயா, அந்தப் படத்தின் போர்க் காட்சிகளை அயர்லாந்தில் எடுத்தார்கள். ஸ்டர்லிங் பாலச் சண்டையில் பாலமே கிடையாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டம் வந்தது என்றால், வருகிறவர்களுக்கு உண்மையான வாள் எதற்கு?

நூலகத்து எலி:

இரண்டு பேரும் சண்டையைத் தொடங்குவதற்கு முன், அந்த வாளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாலஸை 1305 ஆகஸ்டில் கிளாஸ்கோவுக்கு அருகே பிடித்தார்கள். பிடித்துக் கொடுத்தவர் டம்பார்டன் கோட்டையின் பொறுப்பில் இருந்த ஜான் மென்டீத். ஆகஸ்ட் 23 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் கொடூரமாகக் கொன்று, தலையை லண்டன் பாலத்தில் நட்டு, உடலைத் துண்டுகளாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். வாள் மட்டும் மென்டீத்திடம் போய் டம்பார்டனில் தங்கியது என்பது கதை. அதற்கு அந்தக் காலத்து எழுத்து ஆதாரம் எதுவும் இல்லை.

200 ஆண்டுகள் கழித்து, 1505இல்தான் முதல் வரவு. நான்காம் ஜேம்ஸ் மன்னர் "வாலஸின் வாளுக்கு" பட்டுக் கயிறு சுற்றவும், புதுப் பிடியும் உறையும் கச்சையும் செய்யவும் 26 ஷில்லிங் கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. பழைய உறை என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு பயங்கரக் கதை உண்டு. ஸ்டர்லிங் பாலத்தில் செத்த ஆங்கிலேயக் கருவூலக்காரர் கிரெசிங்ஹாமின் தோலால் செய்யப்பட்டதாம் அது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அவருடைய தோலை உரித்தார்கள் என்று அன்றைய ஆங்கிலேய வரலாற்றுக் குறிப்புகளே சொல்கின்றன.

இப்படி இரண்டு கையாலும் பிடித்து வீசும் நீள வாள்கள் பெரும்பாலும் வாலஸுக்குப் பிந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு மேற்பட்ட வாள்களின் துண்டுகளைச் சேர்த்து அடித்தது இது என்றும், அதில் ஏதோ ஒரு துண்டு வாலஸ் காலத்ததாக இருக்கலாம் என்றும் சொல்கிறவர்கள் உண்டு.

இன்னொன்று. 2005இல் "700 ஆண்டுகளில் முதல் முறையாக ஸ்காட்லாந்தைவிட்டு வெளியே செல்கிறது" என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். அதுவும் தப்பு. 1825இல் பழுது பார்க்க இந்த வாளை லண்டன் கோபுரத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள்! எந்த ராஜ்யத்தை எதிர்த்து வாலஸ் வாளெடுத்தாரோ, அதன் ஆயுதக் கிடங்குக்கே வாள் வைத்தியத்துக்குப் போய்த் திரும்பியது. விளம்பரக்காரர்களுக்கு வசதியாக அது மறந்துவிட்டது. டம்பார்டனிலிருந்து இப்போதைய கோபுரத்துக்கு வாள் வந்ததே 1888இல்தான். கோபுரத்தைத் திறந்ததோ 1869இல்.

பேரேடு:

ஆக, அசலா என்றே சந்தேகம். ஏற்கெனவே வெளியூர் போய் வந்த வாள். அந்தக் குன்றுக்கே அது 1888இல் குடியேறிய வாடகைக்காரர். பிறகு எதற்கு இவ்வளவு பதற்றம்? எலியாரே, என் கட்சிக்கு வக்காலத்து வாங்கியதற்கு நன்றி.

அடிவாரத்தான்:

அப்படி அவசரப்பட வேண்டாம். 1505இல் ஒரு மன்னர் அதை வாலஸின் வாள் என்று நம்பிப் பணம் செலவழித்திருக்கிறார். அன்றிலிருந்து 500 வருடங்கள் ஜனங்கள் அதை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். கோயில் சிலையின் கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று யாராவது கேட்கிறார்களா? எத்தனை தலைமுறை கும்பிட்டது என்பதுதான் அங்கே கணக்கு.

எலியார் சொன்னதில் எனக்கு உறைத்தது வேறு. வாலஸுக்குச் சமாதி இல்லை. உடலே கிடைக்கவில்லை. அதனால்தான் அந்த இரும்புக்கு இவ்வளவு கனம். 2005 அவர் கொல்லப்பட்ட 700ஆவது ஆண்டு. அந்த ஆகஸ்டில் ஒரு கூட்டம் அவர் பிடிபட்ட இடத்திலிருந்து லண்டன் வரை நடந்தே போய், ஸ்மித்ஃபீல்டு பக்கத்துத் தேவாலயத்தில் வெறும் சவப்பெட்டி வைத்து இறுதிச் சடங்கு செய்தது. ஒரே வருடத்தில் வாள் மேற்கே விளம்பரத்துக்குப் போனது, காலிப் பெட்டி தெற்கே துக்கத்துக்குப் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

மரப்பெட்டி:

அருங்காட்சியகப் பொருட்களைப் பொதிந்து அனுப்பும் வேலையில் 19 ஆண்டுகள் இருந்தவன் நான். பக்தி, வியாபாரம் இரண்டையும் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு பழைய பொருளை இரவல் அனுப்புவதென்றால் முதல் வேலை படம் எடுப்பது. ஒவ்வொரு கீறலையும், ஒவ்வொரு துருப் புள்ளியையும் படமெடுத்து நிலை அறிக்கை எழுதுவோம். போன இடத்தில் பெட்டியைத் திறந்ததும் அதே அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். திரும்பி வரும்போது மறுபடியும். "இந்தக் கீறல் எங்கள் வீட்டில் விழுந்ததில்லை" என்ற சண்டை வராமல் இருக்கத்தான் இவ்வளவும். பெண் வீட்டுப் பாத்திரங்களைப் பட்டியல் போட்டு எண்ணி வாங்குவார்களே, அதேதான்.

பெட்டி என்றால் வெறும் மரப்பெட்டி இல்லை. உள்ளே நுரைப் பலகையைப் பொருளின் வடிவத்துக்கே அச்சாக வெட்டியிருப்போம். நீளமான வாள் என்றால் எடை எந்த இடத்தில் தாங்குகிறது என்பதுதான் சிக்கல். பழுது பார்த்த ஒட்டு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் பாரம் விழக்கூடாது. எலியார் சொல்வதுபோலத் துண்டுகள் சேர்ந்த வாள் என்றால் எனக்குப் பாதித் தூக்கம் போய்விடும்.

இரும்புக்கு எமன் ஈரம். ஸ்காட்லாந்தின் கல் கோபுரமே அவ்வளவு உலர்ந்த இடம் இல்லை. ஆனால் அந்தக் காற்றுக்கு இரும்பு பழகியிருக்கும், பேழைக்குள்ளும் கட்டுப்பாடு இருக்கும். விமானத்தின் குளிர்ந்த வயிற்றிலிருந்து எடுத்த பெட்டியைச் சூடான மண்டபத்தில் உடனே திறந்தால், கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே முத்து முத்தாக நீர் கோக்குமே, அதுபோல உலோகத்தின் மேல் கோக்கும். அதனால் பெட்டியைக் கொண்டுபோய் வைத்து 24 மணி நேரம் தொடாமல் விடுவது வழக்கம். விழா ஏற்பாட்டாளர்களுக்கு இது புரியவே புரியாது. "நாளை காலை அமைச்சர் வருகிறார், இப்போதே திறங்கள்" என்பார்கள்.

எனக்கே நடந்தது. எந்த நாடு, எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. அரக்குப் பூசிய 200 வருடப் பெட்டகம் ஒன்றோடு காவலாக நான் போனேன். இப்படி ஒரு பொருளோடு துணைக்கு ஒருவர் போவது வழக்கம். மாப்பிள்ளைத் தோழன்போல, பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. விமான நிலையத்தில் சரக்குத் தளத்துக்குள் என்னை விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு என் பெட்டி. 40 நிமிடம். தார்ப்பாய் போடச் சொல்லிக் கைகளை ஆட்டினேன். அங்கே இருந்த ஊழியர் என்னைப் பார்த்து அன்போடு கையாட்டினார். பெட்டகம் பிழைத்தது. எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு வந்தது.

ஆகவே என் கேள்வி சரியா தப்பா என்பதில்லை. எங்கே வைக்கிறார்கள்? அருங்காட்சியகம் என்றால் கதவு, காவல், காற்று எல்லாம் அதற்கென்றே கட்டியவை. கீழே ரயில்கள் ஓடும் மண்டபம் என்றால் அதிர்வு உண்டு, கூட்டம் உண்டு, கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் காற்று மாறும். ஒரு வாரத்துக்கு எப்படியாவது சமாளிக்கலாம். ஆனால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

சேலம் மாம்பழம்:

மரப்பெட்டி அண்ணா, அந்த ஊழியர் கையாட்டியதை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். மன்னிக்கவும்.

பேரேடு:

மரப்பெட்டியாருக்கு ஒரு கேள்வி. வீட்டிலேயே இருந்தால் மட்டும் பத்திரமா? அந்த வாளை 1936இலும் 1972இலும் அந்தக் கோபுரத்திலிருந்தே திருடிக்கொண்டு போனார்கள். 1912இல் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எத்தல் மூர்ஹெட் அங்கே வந்து அதன் கண்ணாடிப் பேழையை உடைத்தார். நியூயார்க்கில் யாரும் திருடவில்லை, யாரும் உடைக்கவில்லை.

மரப்பெட்டி:

ஒரு வாரக் கணக்கையும் 100 வருடக் கணக்கையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள், பேரேட்டுக்காரரே.

கிளைட் கரை:

கிளாஸ்கோவிலிருந்து எழுதுகிறேன். இந்த விவாதத்தை எங்கள் ஊர் ஏற்கெனவே ஒரு முறை நாடாளுமன்றம் வரை கொண்டுபோய் முடித்துவிட்டது.

சர் வில்லியம் பர்ரல் என்று ஒரு கப்பல் முதலாளி. வாழ்நாளெல்லாம் ஓவியம், திரைச்சீலை, சீனப் பீங்கான் என்று சேர்த்து, ஆயிரக்கணக்கான பொருட்களை 1944இல் கிளாஸ்கோ நகரத்துக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே நிபந்தனை: கடல் கடந்து எதையும் இரவல் அனுப்பக் கூடாது. ஏன் தெரியுமா? கப்பல் முதலாளிக்குத்தானே தெரியும், கப்பல்கள் எவ்வளவு சுலபமாக மூழ்கும் என்று! நகரப் புகை படக்கூடாது என்பதற்காக, அருங்காட்சியகத்தை ஊர் நடுவிலிருந்து 16 மைலாவது தள்ளிக் கட்ட வேண்டும் என்றும் எழுதிவைத்தார். அந்த நிபந்தனையால் இடம் தேடியே காலம் போயிற்று. அவர் 1958இல் காலமானார். கட்டடம் திறந்தது 1983இல், அதுவும் ஊருக்குள்ளேயே இருக்கும் பொல்லாக் பூங்காவில்.

வெளிநாட்டு இரவல் தடையை எடுக்க நகர நிர்வாகம் 1990களில் முயன்றது, விசாரணை நடந்தது, முடியாது என்றார்கள். மறுபடி முயன்று, 2014இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட்டுத் தடையை நீக்கினார்கள். கூரை ஒழுகியதால் பெரிய பழுது வேலைக்காக 2016இல் அருங்காட்சியகத்தை மூட வேண்டியிருந்தது. மூடிய காலத்தில் பொருட்கள் வெளிநாடு போய்ப் பெயர் வாங்கி வரட்டும் என்பதுதான் வாதம். 2022இல் திறந்தார்கள்.

எனக்கு இதில் இன்றுவரை மனம் ஒப்பவில்லை. விமானம் வந்துவிட்டது, கப்பல் பயம் பழங்கதை என்று வாதாடியது நியாயம்தான். ஆனால் செத்தவன் கையெழுத்தைச் சட்டம் போட்டு அழிக்கலாம் என்றால், நாளை யார் நம்பிக் கொடுப்பார்கள்? அதே சமயம், கூரை ஒழுகும் வீட்டில் ஓவியத்தைப் பூட்டிவைப்பதும் விசுவாசம் இல்லை. வாலஸ் வாள் விஷயத்தில் இந்தச் சங்கடமே கிடையாது; உயில் எழுதிவைக்க அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்?

ஏழாம் கடல்:

இவர்கள் தங்கள் வாளை ஒரு வாரம் அனுப்பியதற்கு இவ்வளவு அழுகிறார்களே, நம் கோகினூரை எடுத்துக்கொண்டு போய் எத்தனை வருடம் ஆயிற்று? அதைப் பேசுங்கள் முதலில்!

நெறியாளர்:

கோகினூருக்கு ஏற்கெனவே 3 தனி இழைகள் இருக்கின்றன. மூன்றையும் பூட்ட வேண்டியதாயிற்று. இங்கே வேண்டாம்.

கிளைட் கரை:

நெறியாளர் அனுமதித்தால் ஒரே ஒரு வரி, அதுவும் ஸ்காட்லாந்து பற்றியதுதான். 2022 ஆகஸ்டில் எங்கள் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் 7 பொருட்களை இந்தியாவுக்குத் திருப்பித் தரும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியக் கோயில்களிலிருந்து எடுத்தவை. இன்னொன்று ஒரு வாள்! 1905இல் ஹைதராபாத் நிஜாமின் சேகரிப்பிலிருந்து களவு போய் ஆங்கிலேயத் தளபதி ஒருவரிடம் விற்கப்பட்டது. அந்த வாளை யாரும் இரவல் கேட்கவில்லை, கொடுக்கவில்லை. ஏழாம் கடல் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தூரத்துப் பேரன்:

டொராண்டோவிலிருந்து. பேரேடு சொல்வதை வியாபாரக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டாம்.

என் பக்கத்து வீட்டுக்காரர் கிழவர், ஸ்காட்டிஷ் வம்சம். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் கப்பலேறி வந்தவர். இவர் ஒரு முறைகூட ஸ்காட்லாந்து போனதில்லை. ஆனால் சுவரில் குலப்பெயர் எழுதிய கட்டம்போட்ட துணி தொங்குகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். எனக்குச் சிரிக்க வரவில்லை. என் அம்மா யாழ்ப்பாணத்து வீட்டுச் சாவியை இன்னும் வைத்திருக்கிறார், வீடு இல்லை. 2005இல் அந்தக் கிழவரை யாராவது நியூயார்க்குக்கு அழைத்துப் போயிருந்தால் கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நின்றிருப்பார். முழங்காலில் வலு இல்லாதவர். அந்த 246 படி அவருக்கு இந்தப் பிறவியில் கிடையாது.

ரயில் நிலையம் என்று இளக்காரமாகச் சொல்கிறீர்கள். கட்டணம் கேட்காத இடம் அது. துப்புரவுப் பணியாளரும் பார்க்கலாம்.

சேலம் மாம்பழம்:

சாவி என்றதும் வாயடைத்துப் போனேன். முதலில் நான் எழுதியது கொஞ்சம் எடுத்தெறிந்து பேசியதுபோல் இருக்கிறது.

ஆனாலும் தூரத்துப் பேரனே, உங்கள் அம்மா அந்தச் சாவியை விமான நிறுவன விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சம்மதிப்பாரா? என் உறுத்தல் அங்கேதான். பார்க்க வைத்தது தப்பில்லை, "பார்த்தாயிற்றா, வா, ஓட்டல் அறை பதிவு செய்" என்று முடிவதுதான் நெருடுகிறது.

தூரத்துப் பேரன்:

சம்மதிக்கமாட்டார்.

நூலகத்து எலி:

இந்த இடத்தில் என் பரணிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் போடுகிறேன். சரியாகச் சொன்னால் தோல்.

வாலஸின் வாழ்க்கையோடு சந்தேகமில்லாமல் தொடர்புடைய பொருட்கள் மிகமிகக் குறைவு. அவற்றில் முதன்மையானது வாளன்று, ஒரு கடிதம். ஸ்டர்லிங் பாலத்தில் வென்று சரியாக ஒரு மாதம் கழித்து, 1297 அக்டோபர் 11 அன்று, அந்தப் போரில் கூடவே படை நடத்திய ஆண்ட்ரூ மரேயும் வாலஸும் ஹாடிங்டனிலிருந்து ஜெர்மானிய வணிக நகரங்களான லூபெக்குக்கும் ஹாம்பர்க்குக்கும் எழுதியது. அதில் வாலஸின் முத்திரை இருக்கிறது. பின்பக்கம் வில்லும் அம்பும். இந்தக் கடிதம் இன்று ஸ்காட்லாந்தில் இல்லை. லூபெக் நகர ஆவணக் காப்பகத்துக்குச் சொந்தம். 2012இல் எடின்பரோ நாடாளுமன்றக் கட்டடத்தில் காட்டுவதற்கு ஸ்காட்லாந்துதான் ஜெர்மானியரிடம் இரவல் வாங்க வேண்டியிருந்தது! கூடவே இன்னொன்றும் வைத்தார்கள்: 1300இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப், வாலஸுக்கு உதவுமாறு போப்பிடம் இருந்த தம் ஆட்களுக்கு எழுதியது. அது லண்டன் கோபுரத்தில் கிடந்து, பிறகு ஆங்கிலேய ஆவணக் காப்பகத்துக்குப் போனது.

லூபெக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஸ்காட்லாந்து ராஜ்யம் ஆங்கிலேயரிடமிருந்து போரால் மீட்கப்பட்டுவிட்டது, எங்கள் துறைமுகங்களுக்குத் தைரியமாகச் சரக்கோடு வரலாம், உங்கள் வணிகர்களுக்குச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

நாட்டை மீட்டதும் அவர் முத்திரையிட்டு அனுப்பிய கடிதம், "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்ற அழைப்பு.

பேரேடு:

ஆகா! வாலஸே என் கட்சி. இதற்கு மேல் நான் என்ன பேச?

நூலகத்து எலி:

பேச வேண்டாம், கேளுங்கள். அவர் கடிதத்தைத்தான் அனுப்பினார், வாளைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

டார்ட்டன் தினம் ஏன் ஏப்ரல் 6 என்றும் சொல்லிவிடுகிறேன். 1320 ஏப்ரல் 6 தேதியிட்ட ஆர்ப்ரோத் பிரகடனம். ஸ்காட்லாந்தின் பிரபுக்கள் போப்புக்கு அனுப்பிய சுதந்திர முறையீடு. போப் அப்போது இருந்த அவிஞ்ஞோன் நகருக்குப் போன பிரதி தொலைந்தேபோயிற்று. இன்று எடின்பரோவில் இருப்பது வீட்டிலேயே வைத்துக்கொண்ட நகல். அதையும் எப்போதும் வெளியே எடுப்பதில்லை; 2023இல் ஒரு மாதம் காட்சிக்கு வைத்தார்கள், 18 வருடங்களில் முதல் முறை. வெளிநாடு போனது காணாமல்போய், பெட்டிக்குள் கிடந்தது பிழைத்தது. மரப்பெட்டியாருக்கு இது பிடிக்கும்.

மரப்பெட்டி:

பிடித்தது. சட்டம் போட்டு மாட்டிவைக்க வேண்டும்.

அடிவாரத்தான்:

யாரும் விதிக்கல்லைப் பற்றிப் பேசவில்லையே. ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட ஸ்கோன் கல். 1296இல் முதலாம் எட்வர்டு பறித்துக்கொண்டு போய் வெஸ்ட்மின்ஸ்டரில் சிம்மாசனத்துக்கு அடியில் வைத்தான். 1950 கிறிஸ்துமஸ் அன்று 4 மாணவர்கள் அதைக் களவாடிவந்தார்கள். இழுத்த இழுப்பில் இரண்டாக உடைந்தது. சில மாதங்களில் ஆர்ப்ரோத் மடாலயத்தில் வைத்துவிட்டுப் போனார்கள், அது மறுபடி லண்டனுக்கே போனது. 1996இல்தான் முறைப்படி திரும்பிவந்தது. அப்போதே ஒரு நிபந்தனை: முடிசூட்டு விழா நடந்தால் லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டுத் திருப்பித் தர வேண்டும். 2023 மே 6ஆம் தேதி சார்லஸ் மன்னர் முடிசூட்டிக்கொண்டபோது அப்படியே நடந்தது. 152 கிலோ கல், போன வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டது. 2024 மார்ச்சில் பெர்த் நகரத்தில் புது அருங்காட்சியகம் திறந்து, அது முதலில் இருந்த ஸ்கோனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். இப்போது பெர்த்துக்கு அதுதான் சுற்றுலா ஈர்ப்பு.

எனக்கு இது புரிகிறது. எதற்குப் போகும், எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தாகிவிட்டது. போகும் இடத்தில் அதற்கு ஒரு வேலையும் இருக்கிறது, அதன் மேல் ராஜா உட்காருகிறார். உற்சவர் புறப்பாடு மாதிரி. நியூயார்க்கில் வாளுக்கு என்ன வேலை? பார்க்கப்படுவது மட்டும்தான்.

பேரேடு:

ராஜா உட்காருவது வேலை, பத்தாயிரம் பேர் பார்ப்பது வேலை இல்லையா? எந்த ஊர் நியாயம் இது! (பத்தாயிரம் என்பது பேச்சுக்குச் சொன்னது, எலியார் சண்டைக்கு வர வேண்டாம்.)

ஆனால் பெர்த் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கல்லை வெளியே அனுப்பிக் கூட்டத்தை அழைப்பதைவிட, கல்லை ஊருக்குள் வைத்துக் கூட்டத்தை வரவழைப்பது லாபம். செலவுக் கணக்குப்படியும் அதுதான் சரி: பெட்டி, காவல், காப்பீடு, துணைக்கு ஆள் எதுவும் வேண்டாம்.

கிளைட் கரை:

அப்படியென்றால் லூயிஸ் சதுரங்கக் காய்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1831இல் லூயிஸ் தீவின் ஊயிக் கரை மணலில் கிடைத்தவை. வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கிய குட்டி ராஜா, ராணி, பிஷப். மொத்தம் 93 உருப்படி. 82 லண்டனில், 11 எடின்பரோவில். கிடைத்த தீவில் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. லண்டன்காரர்கள் 2011இல் 34 காய்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் குளோய்ஸ்டர்ஸ் கிளைக்கு அனுப்பிவைத்தார்கள். தீவுக்கு நிரந்தரம்போல 6 காய்கள் வந்தது அதற்குப் பிறகுதான், ஸ்டோர்னோவேயில் லூஸ் கோட்டை அருங்காட்சியகம் திறந்தபோது. அதுவும் இரவல்தான்! சொந்த மணலில் கிடைத்ததை இரவல் வாங்கிப் பார்க்கிறார்கள்.

அந்தத் தொகுதியில் காணாமல்போன காய் ஒன்று எடின்பரோவில் ஒரு வீட்டு மேசை இழுப்பறைக்குள் பல வருடம் கிடந்தது. 1964இல் 5 பவுண்டுக்கு வாங்கியது. 2019இல் 7,35,000 பவுண்டுக்கு ஏலம் போனது. இதைப் படித்துவிட்டு என் மனைவி எங்கள் வீட்டு மேசை இழுப்பறைகளையெல்லாம் கொட்டிப் பார்த்தார். மூன்று பேட்டரியும் ஒரு பழைய ரேஷன் அட்டையும் கிடைத்தன.

சேலம் மாம்பழம்:

ரேஷன் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். இரவல் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மரப்பெட்டி:

விளையாட்டுக்குச் சொல்லவில்லை: நீளமான வாளுக்கு நல்ல நகல் செய்யக்கூடிய கொல்லர்கள் இருக்கிறார்கள். அதே எடை, அதே நீளம். நகலை அனுப்பி, கண்ணாடி போடாமல், வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்று விட்டிருந்தால் 2.7 கிலோவை இரண்டு கையால் தூக்கும்போது என்ன ஆகும் என்று தோளுக்குத் தெரிந்திருக்கும். அசலைக் கண்ணாடிக்குள் பார்ப்பதைவிட அது மனதில் நிற்கும். அப்புறம் அசலைப் பார்க்க ஆசை வரும். தூரத்துப் பேரனின் கிழவருக்கும் நகல் வாளைத் தொட்டுப் பார்க்கப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

தூரத்துப் பேரன்:

நேற்று மாலை அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நகல் என்று என்னிடம் சொல்லிவிடாதே" என்றார்.

அடிவாரத்தான்:

இழையை மாமாவுக்கு அனுப்பியிருந்தேன். இன்று காலை திருச்சியிலிருந்து பேசினார். முழுவதும் படித்துவிட்டாராம். கடிதம் பற்றி எலியார் எழுதியது பிடித்ததாம். மரப்பெட்டியாரின் மழைக் கதையை அத்தைக்கு வாசித்துக் காட்டினாராம். மூலவர், உற்சவர் பற்றி இப்போது என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். அதை விட்டுவிட்டார். அவருக்கு வேறு கேள்வி வந்துவிட்டது:

"வாள் அமெரிக்கா போயிருந்த அந்த நாட்களில் கோபுரத்தில் ஏறியவர்களுக்கு டிக்கெட்டில் தள்ளுபடி கொடுத்தார்களா?"

பேரேடு, இது உங்கள் துறை.